சலூனில் புது வெளிச்சம்

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பல்பு மாட்டினால் பாதி விலை திரும்பக் கிடைக்கும் என்று மின்சார ஆபீஸில் சொன்னதும், சலூன்காரர் கடை முழுக்க மாட்டினார். அந்த வெளிச்சத்தில் அவரவர் வழுக்கை கண்ணாடியில் பளிச்சென்று தெரிய, வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மனுஷன் பழைய மங்கல் பல்புகளுக்கே மாறிவிட்டார். அன்று பார்த்தா மின்சார ஆபீஸ் அதிகாரி சோதனைக்கு வரவேண்டும்? அவரும் அங்கே முடி வெட்டிக்கொள்கிறவர்தான்.

"புது பல்பு எங்கய்யா? எரியலைன்னா பணம் கிடையாது."

"இதோ மாட்டுறேன் சார், உக்காருங்க."

மாட்டி, சுவிட்சைத் தட்டினார். கண்ணாடியைப் பார்த்த அதிகாரியின் கை உச்சந்தலைக்குப் போனது.

"எப்பய்யா இப்படி ஆச்சு?"

"ரொம்ப நாளாச்சு சார். நான்தான் சொல்லலை."

"சரி, எரியுதுன்னு எழுதிக்கிறேன். முதல்ல அதை அணைச்சுத் தொலை!"

"அணைச்சா இன்னும் மிச்சம்தானே சார்," என்றார் சலூன்காரர்.