வரிசையில் நாற்பத்தேழு

...ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, செத்திருந்தாலாவது தெரிந்திருக்கும், ஒன்பது நாளாய் உயிரோடு இருந்துகொண்டே வேலை எதுவும் செய்யாமல்... இந்தக் கல்லூரியில் பாதிப்பேர் அப்படித்தான், ஆனால் மெயில் சர்வருக்கும் அது தொற்றும் என்று யார் எதிர்பார்த்தார்கள். காலையில் ரிசப்ஷனிலிருந்து ஜன்னத் அக்காதான் ஆரம்பித்தாள், "டேய் மீரான், ஒரு வாரமா வெளியூர்க்காரன் ஒருத்தனும் எனக்குப் பதில் போடல, உன் சர்வர் சம்பளம் வாங்கிட்டுத் தூங்குது லா!", சர்வீஸ் ஓடுதுக்கா, ஒங்களுக்குத்தான் ஆள் இல்ல என்று சிரித்தேன், சிரித்துவிட்டுத்தான் வரிசையைத் திறந்தேன். நாற்பத்தேழு கடிதங்கள். கல்லூரிக்குள் போகவேண்டியதெல்லாம் போயிருக்கிறது, கடல் தாண்ட வேண்டியது ஒன்றுகூடப் போகவில்லை, வெளியூர்க் கடிதங்கள் டெலிபோன் லைனுக்காக வரிசையில் காத்திருக்கும், கால் மணிக்கொரு தடவை சர்வர் வரிசையைப் பார்த்து அனுப்ப வேண்டும், பார் என்று யாராவது சொல்லியிருந்தால்தானே... போன வாரம் இடியில் கரண்ட் போய் வந்ததும் லினக்ஸ் எழுந்தது, மெயில் எழவில்லை, வாங்கி வைத்த நாசி கண்டார் சோறு ஆறிவிடும் என்ற அவசரத்தில் கையாலேயே கட்டளை தட்டி எழுப்பினேன், கடிதங்களை வாங்கிக்கொள் என்பது வரை தட்டினேன், வரிசையைப் பார் என்கிற கடைசித் துண்டு மட்டும் விட்டுப்போயிற்று. நான் தின்றுவிட்டு வந்தேன். அது வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தது.

நாற்பத்தேழில் நாலு ஏரம்பமூர்த்தி சாருடையவை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது, படித்தேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் கிளார்க், பென்ஷனுக்குப் பிறகு எங்கள் ஆபீசில் கிளார்க், டொரோண்டோவில் இருக்கிற மகனுக்கே எண் போட்டு, பொருள் எழுதி, கீழே கோடு இழுத்துத்தான் அனுப்புவார். முதல் கடிதம் முழுப் பக்கம், அம்மாவுக்கு லேசான காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள், கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது 'நினைவூட்டல் ஒன்று', நெஞ்சில் நீர், உன் பெயரைக் கேட்கிறாள். மூன்றாவது 'நினைவூட்டல் இரண்டு', உடனே வா. நேற்று அனுப்பியதில் எண் இல்லை, பொருள் இல்லை, அம்மா முடிந்துவிட்டாள், நீ வர வேண்டாம். ஏன் சார் போன் பண்ணலாமே என்று மகனிடமிருந்து பதில் இல்லை என்று அவர் சொன்ன அன்றைக்கே ஜன்னத் அக்கா கேட்டாள், "டெலிபோனில சொன்னதுக்கு ரெக்கார்ட் இல்லைப் பிள்ளை, எழுத்தில கேட்டிருக்கு, எழுத்தில வரட்டும்" என்றார், நான் இரண்டு நாளைக்கு அவரைப் போலவே பேசிக்காட்டி ஆபீசையே சிரிக்க வைத்தேன், நல்லாத்தான் செய்தேன், அந்த 'பிள்ளை'யைக்கூட விடவில்லை... அப்போது அந்த அம்மாவுக்கு மூச்சு இருந்தது. கடிதம் போயிருந்தால் மகன் விமானம் ஏறியிருக்கலாம். ஏறியிருப்பானா? ஏறாமலும் இருந்திருக்கலாம், அப்படி ஒருவன் என்றால் எனக்கு எவ்வளவு வசதி.

"மீரான் தம்பி, ஏதும் வந்ததோ?"

வாசலில் அவர், வேட்டி, சவரம் செய்யாத முகம், மூன்று மணிக்குத் தகனம், மனைவி ஜெலுத்தோங்கில் இருக்கிற வீட்டில் கிடக்கிறாள், இவர் ஆபீசுக்கு வந்திருக்கிறார். இல்ல சார் என்றேன். அது பொய்கூட இல்லை.

"நாலு கடிதம். காப்பி எல்லாம் ஃபைலில இருக்கு. நாளைக்கு அவன் எனக்கு அறிவிக்கேல்லை எண்டு சொல்ல ஏலாது."

"சார், சர்வர்ல ஒரு சின்ன..."

"அதை நீ பார்த்துக்கொள்ளுவாய். என்ர தம்பியின்ர மகனைக் கொள்ளி வைக்கச் சொல்லியிட்டன். இவனுக்கு இனி அந்த வீட்டில அலுவல் இல்லை."

போய்விட்டார். அந்த 'சின்ன'வை நான் ஏன் சொன்னேன், எது சின்னது... நாலையும் அழித்துவிடலாம், அப்புறம் மகன்தான் பதில் போடாதவன், ஊரும் அப்படியே பேசும், சர்வரை யாரும் கேட்கப்போவதில்லை. விரல் அங்கேதான் இருந்தது. பிறகு கடைசித் துண்டையும் சேர்த்துத் தட்டினேன், மோடம் கீச்சிட்டது, வரிசை நகர்ந்தது, நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, ஏதோ பெரிய நியாயம் செய்துவிட்ட மாதிரி ஒரு மூச்சு விட்டேன், அப்போதுதான் கவனித்தேன், எது எப்போது வந்தது என்று அது பார்க்கவில்லை, சின்னக் கடிதங்களை முதலில் அனுப்புகிறது. 'வர வேண்டாம்' போய்விட்டது. அடுத்தது 'உடனே வா'. அப்புறம் பெயரைக் கேட்கிறாள். அங்கே இப்போது நடுராத்திரி, விடிந்து மகன் மெயில் பெட்டியைத் திறந்தால் அம்மா முதலில் செத்து, பிறகு மூச்சு வந்து, கொஞ்சம் கொஞ்சமாய்த் தேறி, கடைசியில் லேசான காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பாள், கவலைப்பட ஒன்றுமில்லை... அந்த முழுப் பக்கம் இன்னும் போகவில்லை. சார் மாடிப்படி இறங்குகிற சத்தம் கேட்கிறது, மெதுவாகத்தான் இறங்குகிறார், ஓடினால் பிடித்துவிடலாம், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வரிசை சரியாகப் போகிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா...