தாலிச் சங்கிலி ஊசிகள்

தவமணி டீச்சர் போன் செய்து, "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குளத்தடிக்கு வாங்கோ, கயாக் ஓட்டுவம்" என்று சொன்னபோது, கல்யாணப் பேச்சுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அவர் மகன் அருணனும் என் மகள் துளசியும் மூன்று வருஷமாகப் பழகுகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் தெரியும். கல்யாண வயசில் பெண்ணை வைத்திருப்பவளைப் படகோட்ட வா என்று ஒருத்தர் கூப்பிட்டால் அது வெறும் படகுக்காகவா இருக்கும்? பெரிய இடத்து ஜனங்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

பெரிய இடம்தான். யாழ்ப்பாணத்து வம்சம். டீச்சர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் ஸ்கந்தராஜா அரசாங்கத்தில் அதிகாரியாக இருந்தவர். நானும் என் வீட்டுக்காரர் சீனியும் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தை முதலாளி விற்றதும் ஈப்போவுக்கு வந்தோம். அவர் லாரி ஓட்டுகிறார், எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. துளசி படித்து மருந்தாளர் ஆனதுதான் நாங்கள் தலை நிமிர்ந்த கதை. டீச்சர் குடும்பம் எங்களை ஒரு நாளும் ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை. இருந்தாலும் அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது என் கை தானாகவே கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று வெற்றிலை பாக்கு, பழம், டீச்சருக்கு ஒரு பட்டுச்சேலை என மூன்று தட்டு தயார் செய்து காரின் பின்பக்கத்தில் துணி போட்டு மூடி வைத்தேன்.

"பிக்னிக்குக்கு எதுக்கு லா தட்டு?" என்றார் சீனி.

"உங்களுக்கு ஒன்னும் தெரியாது. கம்முனு காரை எடுங்க."

"அவங்க ஒன்னும் சொல்லலையே."

"சொல்லுவாங்களா? நாமதான் பாத்து நடந்துக்கணும்."

புறப்படும்போது துளசி வழக்கம்போல "அம்மா, ஊசி" என்று முன்னால் வந்து நின்றாள். என் தாலிச் சங்கிலியில் எப்போதும் துணி குத்தும் ஊக்கு ஊசி நாலைந்து மாட்டியிருக்கும். பாலர் பள்ளியில் அவள் நெஞ்சில் கைக்குட்டை குத்தியதிலிருந்து இன்றைய துப்பட்டா வரைக்கும் எல்லாம் அதிலிருந்துதான். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறாள், தனக்கென்று ஓர் ஊசி வாங்கி வைக்கத் தெரியாது. ஒன்றைக் கழற்றித் தோளில் குத்திவிட்டேன். அவள் முகம் அன்றைக்கு அத்தனை பளபளப்பாக இருந்தது. தட்டு விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை.

ஈப்போவைச் சுற்றி ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்களெல்லாம் இப்போது குளங்கள். அப்படி ஒரு குளத்தில்தான் படகு விடுகிறார்கள். பிள்ளைகளை வெயிலில் விளையாட விட வேண்டாம் என்று பள்ளிக்கூடங்களில் சொல்லியிருந்த வாரம் அது. சுண்ணாம்பு மலை வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது. காரை விட்டு இறங்கியவுடனேயே செருப்பு வழியாகச் சூடு ஏறியது. இந்த வெயிலில் காசு கொடுத்துக் காய்வதற்குப் படித்தவர்களால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அருணன் தன்னுடைய கயாக்கை விரித்துப் பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தான். மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும் ரப்பர்ப் படகு அது. "வாங்க ஆன்ட்டி" என்றானே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று சீனியின் காதில் சொன்னேன். காற்றடித்து முடித்ததும் ஐஸ் வாங்கி வருகிறேன் என்று கார் சாவியை எடுத்தான். துளசியும் கூடப் போனாள்.

"மங்களம், நீங்களும் நானும் முதல்ல போவம்" என்றார் டீச்சர்.

"ஐயோ டீச்சர், எனக்கு நீச்சல் தெரியாது."

"அதுக்குத்தானே மிதக்கிற ஜாக்கெட் இருக்கு. நான் சொல்லித் தாறன்."

மறுக்க முடியுமா? நாளைக்குச் சம்பந்தியாகப் போகிறவர். துளசியின் ட்ராக் பேண்டையும் டீஷர்ட்டையும் போட்டுக்கொண்டு நின்றேன். கரையில் வைத்தே துடுப்பை எப்படிப் பிடிப்பது, எப்படி வலிப்பது என்று வகுப்பெடுத்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்து, "சங்கிலியைக் கழட்டி வச்சிட்டு வாறது நல்லம்" என்றார்.

"இதையா? இத மட்டும் சொல்லாதீங்க டீச்சர். பிரசவத்துக்கே கழட்டலை நான்."

அவர் வற்புறுத்தவில்லை. ஜாக்கெட்டின் வாரை இறுக்கியதும் தாலி நெஞ்சில் அழுத்தியது. அதை வெளியே இழுத்து ஜாக்கெட்டின் மேலேயே விட்டுக்கொண்டேன், ஊசிகளோடு.

முன்னால் நான், பின்னால் அவர். இடது பக்கம் வலித்தால் படகு வலது பக்கம் திரும்புகிறது. அதைச் சரி செய்ய வலது பக்கம் வலித்தால் சுற்றிக்கொண்டு கரையையே பார்க்கிறது. துடுப்பிலிருந்து வழிந்த தண்ணீர் முழுதும் என் மடியில்தான். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கக் கை இல்லை. "ஒண்டு, ரெண்டு, ஒண்டு, ரெண்டு" என்று டீச்சர் பின்னாலிருந்து எண்ணினார். அவர் வலித்த வலிப்பில்தான் படகு நடுக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் தண்ணீரைக் கலக்கியதோடு சரி.

அங்கே அவர் துடுப்பை நிறுத்தினார்.

"மங்களம், உங்களோட தனிய ஒரு விஷயம் கதைக்கவேணும்."

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. தேதி கேட்கப்போகிறார்! முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாமா? கயாக்கில் உட்கார்ந்திருப்பதை மறந்து, சடாரென்று முழு உடம்போடும் திரும்பினேன்.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "முருகா!" என்று அலறிக்கொண்டு படகின் பக்கவாட்டுக் குழாயின்மேல் குப்புற விழுந்து அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். படகு ஆடி ஆடி நின்றுவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் என் நெஞ்சுக்குக் கீழே வேறொரு மூச்சு உஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது. முதலில் பாம்பு என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், என் தாலியில் கிடந்த ஊசி ஒன்று வாயைத் திறந்துகொண்டு ரப்பரில் ஏறி நின்றது. பதறிப்போய்ப் பிடுங்கினேன். ரப்பர் விரல் நீளத்துக்குக் கிழிந்து, உஸ் இன்னும் பெரிதாகிவிட்டது.

விரலை வைத்து அடைத்தேன். உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். எதற்கும் நிற்கவில்லை. படகு கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துத் தொங்கிப்போய், எங்கள் இரண்டு பேரையும் தண்ணீரில் இறக்கிவிட்டது. ஜாக்கெட் காது வரைக்கும் ஏறிக்கொண்டது. மேல் தண்ணீர் வெந்நீராகவும் காலுக்குக் கீழே பனியாகவும் இருந்தது. காலை எத்தனை உதைத்தாலும் இருந்த இடத்திலேயே இருந்தேன். டீச்சர் தொளதொளத்துப்போன ரப்பரின் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

கரையில் ஸ்கந்தராஜா இங்கிலீஷில் ஏதோ கத்தினார். சீனி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி அதற்குமேல் வரத் தெரியாமல் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பாக் மாட் தன் சம்பான் படகின் மோட்டார் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். அது இருமிவிட்டு அடங்கியது.

அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "என் ஊசிதான் டீச்சர். நீங்க கழட்டச் சொன்னீங்க, நான்தான் கேக்கலை. வெலை கூடின சாமான். அருணன்கிட்ட எப்படி மூஞ்சக் காட்டுவேன்? இதப்போய் அபசகுனம் அது இதுன்னு எடுத்துக்காதீங்க. புள்ளைங்க நல்ல காரியத்துக்கு..."

"மங்களம், அழாதேங்கோ" என்றார். "நீங்கள் மன்னிப்புக் கேக்கிற மாதிரி ஒண்டும் நடக்கேல்ல. நான்தான் கேக்கவேணும்."

அப்புறம் சொன்னார். அருணனுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போகிறான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தைப்பூசத்துக்கு முன்னாலேயே சொன்னானாம்.

எனக்குக் காதில் தண்ணீர் போயிருந்தது. ஆனாலும் எல்லாமே தெளிவாகக் கேட்டது.

"நாங்க தோட்டத்து ஆளுங்கன்னா?"

"சத்தியமா இல்லை. ரெண்டு மாசமா நானும் அவரும் அவனோட சண்டை பிடிச்சுப் பாத்தாச்சு. அவனுக்கு மனசு விட்டுப்போச்சாம். அதுக்குமேல ஒரு காரணமும் சொல்றானில்லை."

தோட்டத்து ஆளுங்க என்பதையாவது காரணமாகச் சொல்லியிருக்கலாம். திட்டித் தீர்ப்பதற்கு ஏதாவது கிடைத்திருக்கும். மனசு விட்டுப்போனவனை என்ன சொல்லித் திட்டுவது?

"அதுக்குத்தான் நடுக் குளத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்களா டீச்சர்? நான் எந்திரிச்சுப் போக முடியாதுன்னு?"

அவர் பொய் சொல்லவில்லை. "ஓம்" என்றார். "வீட்டில சொன்னால் நீங்கள் சத்தம் போட்டிட்டுப் போயிடுவீங்கள் எண்டு பயந்தனான்."

உண்மைதான், போட்டிருப்பேன். அவர்கள் வீட்டு வரவேற்பறையில் நின்று தெருவே கேட்கும்படிப் போட்டிருப்பேன். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருப்பேன். இங்கே என்ன செய்ய? ரப்பரை விட்டால் நான் ஒரு பக்கம் மிதந்து போய்விடுவேன். அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்ளலாம் என்று பார்த்தால் ஜாக்கெட் என்னைச் சுற்றிக்கொண்டுபோய் மறுபடி அவர் முன்னாலேயே நிறுத்தியது. என் வாழ்க்கையில் இவ்வளவு கையாலாகாமல் நான் இருந்ததே இல்லை.

"துளசிகிட்ட சொல்லிட்டானா?"

"அவனுக்குத் தைரியம் இல்லை. மங்களம், நீங்கள் சொன்னால் பிள்ளை தாங்கும். தாய் சொல்றது வேற."

அப்போதுதான் அருணனின் கார் திரும்பி வந்தது. துளசி ஐஸ் பையோடு இறங்கினாள். தண்ணீரில் மிதக்கும் எங்கள் தலைகளைப் பார்த்ததும் முதலில் பயந்து ஓடி வந்தாள். நாங்கள் ரப்பரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அம்மா, சிரிங்க!" என்று கத்திக்கொண்டே போனைத் தூக்கினாள். நான் கையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கடைசியில் மோட்டார் கிளம்பி பாக் மாட் வந்தார். "பெலான் பெலான், கக்கா", மெதுவாக அக்கா, என்று மலாயில் சொல்லிக்கொண்டே என்னை வாரோடு பிடித்து சம்பானுக்குள் இழுத்துப் போட்டார். டீச்சர் தானாகவே ஏறிக்கொண்டார்.

துளசி துண்டோடு ஓடி வந்து என் தலையைத் துவட்டினாள். "நல்லா இருந்துச்சா கயாக்கு? ரெண்டு பேரும் நடுத்தண்ணியில என்ன அப்படிக் கதை?" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தாள். அவள் தோளுக்கு மேலாக நான் அருணனைப் பார்த்தேன். அவன் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லியாச்சு என்பதுபோல் டீச்சர் தலையை லேசாக ஆட்டினார். அந்தப் பையன் மூச்சு விட்டது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பக்கத்தில் கிடந்த துடுப்பை எடுத்து அவன் மண்டையில் போட வேண்டும் போல இருந்தது. துளசியின் கை என் தலையில் இருந்தது.

அதற்குள் சீனி வந்து என் காதருகில் குனிந்தார். "பேசி முடிச்சிட்டீங்களா? நல்லாத்தானே? நான் எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். மரத்தடி மேசையில் மூன்று தட்டும் துணி விலக்கி வரிசையாக இருந்தன. வெற்றிலை வெயிலில் வதங்கி மடங்கியிருந்தது. வாழைப்பழம் கறுத்துவிட்டது. பட்டுச்சேலை மட்டும் அப்படியே மின்னியது. பெண்கள் தனியாகப் போய் இவ்வளவு நேரம் பேசினால் நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று அந்த மனிதர் முடிவு செய்துவிட்டார். அவரை நான் எந்த வாயால் திட்டுவது? நான் சொல்லிக்கொடுத்ததுதானே. ஸ்கந்தராஜா தட்டுகளைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

துளசியும் தட்டுகளைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா!" அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. கண் நிறைந்துவிட்டது. என் ஈர உடம்பை அப்படியே கட்டிக்கொண்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க! இதுக்குத்தானா காலையிலேர்ந்து அப்பா சிரிச்சிக்கிட்டே இருந்தாரு?"

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் திறக்கவில்லை. தொழிற்சாலையில் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுகிற வாய் இது.

"எல்லாரும் இங்க வாங்க, தட்டோட ஒரு போட்டோ எடுத்துக்கலாம். அருண், நீ ஏன் அங்க நிக்கிற? வா லா!" என்று கூப்பிட்டாள். பிறகு தோளைத் தடவிப் பார்த்தாள். ஓடி வந்ததில் காலையில் குத்திய ஊசி எங்கேயோ விழுந்து, துப்பட்டா நழுவித் தொங்கியது. சின்ன வயசிலிருந்து நிற்பது மாதிரியே என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, ஊசி."

ஈரத் தாலியைக் கையில் எடுத்தேன். படகைக் குத்திய ஊசிதான் முதலில் அகப்பட்டது, இன்னும் வாயைத் திறந்துகொண்டு. அதைக் கழற்றி, துப்பட்டாவை மடித்துத் தோளில் வைத்தேன். ஊசி முனை மடிப்பில் இறங்காமல் இரண்டு தரம் வழுக்கியது.

"பாத்தும்மா, குத்திராதீங்க" என்றாள் சிரித்துக்கொண்டே.

"ஒன்னும் ஆகாது. அசையாம நில்லு" என்றேன்.