மூதூர்த் துறையில் கடைசிக் காட்சி

1962 ஆவணி தொடங்கி, திருகோணமலைக் கடற்கரை மண்டபத்தில் மேடையேறிய எந்த நாடகத்தின் முடிவும் அங்கே நடக்கவில்லை. கடைசிக் காட்சி மட்டும் விரிகுடாவைக் கடந்துபோய் மூதூர் இறங்குதுறையில் நடந்தது. அந்த வருடம் மழையும் பிந்தித்தான் வந்தது.

காரணம் என்னவென்று மண்டபச் செயலாளர் இராஜநாயகத்துக்கு உள்ளூரத் தெரியும். படமாளிகை, வாசிகசாலை, நாடக மண்டபம் எல்லாம் நகரப் பக்கம் இருந்தன. மூதூருக்கு இருந்தது விரிகுடாவைக் கடக்கும் ஒரு லோஞ்ச் படகு. அதனால் நாடகங்கள் மத்தியானமே தொடங்கும். மூதூர்ச் சனம் முடிவையும் பார்த்துவிட்டுக் கடைசி லோஞ்சைப் பிடிக்கும். அந்த ஆவணியில் துறைமுக டொக்யார்ட் உத்தியோகத்தர் சிலர், வேலை முடிந்து வந்தால் இருக்க இடமில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பெரிய மனிதர்களின் முகம் கோணினால் இராஜநாயகத்துக்குச் சோறு இறங்காது. தொடங்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினார். லோஞ்சின் சங்கு ஊத மூதூரார் பாதியில் எழும்பிப் போவார்கள்; அந்தக் கதிரைகளில் உத்தியோகத்தர் இருந்து மிச்சத்தைப் பார்ப்பார்கள். வெளியே அவர் சொன்ன காரணம் வெயில்.

மூதூர் ரபீக்கா அந்த ஆவணியில் மேடையேறிய நாடகத்துக்கு மணப்பெண் சட்டை தைத்துக் கொடுத்தவள். கடைசிக் காட்சியில்தான் கதாநாயகி அதைப் போட்டுக்கொண்டு வருவாள். முடிவைப் பார்க்க ஏலுமா என்று ரபீக்கா கேட்டபோது நேரத்தை மாற்றி முடிந்திருந்தது.

“கட்டாயம் பாப்பீங்கள் தங்கச்சி,” என்றார் இராஜநாயகம்.

சங்கு ஊதியது. ரபீக்கா மேடையைப் பார்த்தபடியே எழும்பினாள். அவளுடைய சூடு ஆறுமுன் அந்தக் கதிரையில் ஓர் உத்தியோகத்தர் இருந்ததைத் திரைக்குப் பக்கத்தில் நின்று இராஜநாயகம் கண்டார். அப்போது அவருக்கு வந்தது நிம்மதி. பின்னாளில் அவரைத் தின்றது அந்த நிம்மதிதான்.

கடைசிக் காட்சிக்குத் திரை விலகியது. உடுப்புப் பெட்டியில் மணப்பெண் சட்டையைக் காணவில்லை. கதாநாயகி புஸ்பராணி பழைய உடுப்போடு வந்து வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. உத்தியோகத்தர் இருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். லோஞ்ச் மூதூரைத் தொட்டபோது துறைப் பலகையில் புஸ்பராணி புதுச் சட்டையோடு நின்று, கடைசிக் காட்சியை ஒரு சொல் விடாமல் நடித்துக் காட்டினாள். அதே நேரம் நகரப் பக்கம் தன் பாலையூற்று வீட்டில் புட்டுத் தின்றுகொண்டிருந்த புஸ்பராணி, தொண்டை களைக்கிறது என்று தண்ணீர் கேட்டாள்.

சுவாமியார் மேடைக்குத் தீர்த்தம் தெளித்தார். மின்சாரக்காரர் வயர்களை மாற்றினார். இராஜநாயகம் பழையபடி மத்தியானமே தொடங்கிப் பார்த்தார். முடிவுகள் திரும்பி வரவில்லை. பாடசாலைக் கலைவிழாவின் நன்றியுரைகூட அங்கேதான் போனது. அதை மட்டும் மூதூரார் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். நகரத்தார் மெல்ல மெல்லக் கடைசி லோஞ்சில் ஏறப் பழகி, மூதூர் வீடுகளில் படுத்து விடிய வந்தார்கள். இராஜநாயகம் மட்டும் போகவில்லை. உடுப்புக் கொண்டுவரும்போதெல்லாம் ரபீக்கா முடிவைச் சொல்லத் தொடங்குவாள். அவர் வேலை இருக்கிறதென்று நழுவிவிடுவார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

எழுபத்து நாலில், செயலாளர் பதவியை விட்ட பிறகு, ஒருநாள் அவரும் லோஞ்ச் ஏறினார். துறையில் பாய் விரித்துச் சனம் நெருக்கியடித்து இருந்தது. முன்வரிசையில் ரபீக்கா, இப்போது கண்ணாடி போட்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழும்பினாள்.

“இரிங்க சேர்.”

“வேண்டாம் தங்கச்சி, நான் நிக்கிறன்.”

“அண்டைக்கு வாசல்ல நிண்டு திரும்பிப் பாத்தனான் சேர். என்ட கதிரையில ஆர் இருந்த, ஆர் இருத்தின எண்டு எனக்குத் தெரியும். இப்ப இரிங்க.”

அவள் பின்னால் போய் நின்றுகொண்டாள். இராஜநாயகம் செருப்பைக் கழற்றினார். இருந்தார். பாயில் அவளுடைய சூடு இன்னும் இருந்தது. காட்சி தொடங்கியது, கண்ணீரில் அவருக்கு முக்கால்வாசி தெரியவில்லை.

அடுத்த நாடகத்தின் நோட்டீசில், ஆரம்பம் கடற்கரை மண்டபம், முடிவு மூதூர் இறங்குதுறை என்று அச்சடித்திருந்தார்கள். நகரத்தில் யாரும் அதிசயமென்று அதை இரண்டாம் தரம் வாசிக்கவில்லை.