ஏரிக்கு மேல் மூன்று சுற்று

பூந்தமல்லிக் கல்யாண மண்டபத்தில் மணப்பெண் மெஹக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் வைத்திருந்த உள்ளங்கையளவு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் தலையில் குட்டி ஆன்டெனா, முகத்தில் வட்டத் திரை. சுற்றுவட்டாரத்தில் பறக்கும் விமானமெல்லாம் பெயரோடும் உயரத்தோடும் அதில் புள்ளியாய் ஊரும். அவளே பாகங்கள் வாங்கிச் செய்தது. நகைப்பெட்டியை மறந்தாலும் மறப்பாள், இதை மறப்பாளா?

மாப்பிள்ளை ஷாருக்குக்கு ஷார்ஜா கம்பெனி கடைசி நேரத்தில்தான் லீவு கொடுத்தது. நிக்காஹ் நாளன்றே விமானம். மெஹக்கின் அத்தா பஷீருதீனுக்கோ எதிலும் அவசரம். டிக்கெட்டில் போட்டிருந்த நேரம் வந்ததும் மைக்கைப் பிடித்து, "மாப்பிள்ளை இறங்கிட்டாரு!" என்று அறிவித்துவிட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இறங்குவதாவது! ஷாருக்கின் விமானம் செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. மூன்று சுற்று. பிறகு உயரம் ஏறி, மேற்கே நேராகப் போய்த் திரையைவிட்டே மறைந்தது. மெஹக் பதறிப்போய்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். அடுத்த கணமே தெளிந்தாள். வேறெங்கே போகும்? பெங்களூருதான்.

நேரம் போயிற்று. மாப்பிள்ளை வீட்டாருக்கும் அவர் போன் கிடைக்கவில்லை. அத்தாவின் தங்கை ஜரினா குப்பி உள்ளே வந்து பொரிந்தாள்.

"இறங்கினவரு எங்க போனாரு? பையனுக்கு இஷ்டமில்ல, ஓடிட்டான்னு பேசிக்கினு கீறாங்க. பாதிப் பேரு செருப்பு மாட்டிக்கினாங்க!"

பின்னாலேயே வந்த அத்தாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அத்தா, மழையில இங்க இறங்க முடியல. பெங்களூருக்குப் போய்க்கினு கீறாரு. நான் பாத்தேன்."

"பொட்டியில பிளேனுதானே தெரியும்? உள்ள அவரு கீறாரான்னு அது சொல்லுமா?" என்றாள் ஜரினா.

"அது சொல்லாது குப்பி. நான் சொல்றேன். கீறாரு."

அத்தா பெட்டியைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். ஏற்கெனவே மைக்கில் சொல்லி மூக்குடைபட்டவர். இதுவும் பொய்த்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. அது தெரிந்தேதான் விறுவிறுவென்று மேடை ஏறினார்.

"நான் அவசரப்பட்டுச் சொன்னது தப்புங்க. மாப்பிள்ளை பிளேனு பெங்களூருக்குத் திரும்பிடுச்சு. எம்பொண்ணு சொல்லுது, அது சொன்னா சரியா இருக்கும். நிக்காஹ் காலையில. சாப்பிடாம யாரும் போகாதீங்க!"

பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். மாட்டிய செருப்புகள் மறுபடி கழன்றன. பேச்சு மட்டும் ஓயவில்லை. காலையில் பார்க்கலாம் என்று கண்ணடித்துக்கொண்டார்கள்.

பந்தி பாதி நடக்கும்போது மெஹக்கின் போன் அடித்தது.

"மெஹக், கோச்சுக்காதே," மறுமுனையில் ஷாருக். "நான் பெங்களூருல..."

"தெரியும். எங்கத்தா அப்பவே மைக்ல சொல்லிட்டாரு."

"அவருக்கு யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன். நான் சொன்னதை நம்பி, அவ்ளோ பேரு முன்னாடி..."

அவ்வளவு நேரம் கல்லாக இருந்தவள் கண் மையெல்லாம் கரைய அழுதாள்.