வெறுங்கை நடை

1

இந்தக் கதை ஒரு தண்ணீர்ச் செம்பிலிருந்து வந்தது. சமையலறையில் இருந்த செம்பு என் மேஜைக்கு வந்தது. பிறகு ஒருநாள் மேஜையிலிருந்து சமையலறைக்கே திரும்பிப் போனது. நடந்தது அவ்வளவுதான். இடையில் ஒரு குடும்பமே உடையப் பார்த்தது என்று எழுதினால் கதைக்கு நல்லது. ஆனால் அப்படி ஒன்றும் உடையவில்லை. ஒரு மனுஷன் வீட்டில் உட்கார்ந்து எழுதுவானா, மறுபடி மூட்டை தூக்கப் போவானா என்ற கேள்வி மட்டும் இருந்தது. இன்னும் இருக்கிறது.

கதையில் வரும் புருஷன் நான்தான். இருந்தாலும் ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். ‘நான்’ என்று எழுதினால் பேனா தன்னால் என் பக்கம் சாய்ந்துவிடும். கதை அவனுடையது இல்லை, அவன் பெண்டாட்டியுடையது.

முதல் வரிக்கு இப்படி முயன்றேன்:

விடிகாலைப் பனியில் அவள் ஒரு சிலைபோல—

வேண்டாம். அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிலைபோல எங்கேயும் நின்றதில்லை.

ஆலைச் சங்கு ஊதியபோது அவள் நெஞ்சிலும்—

அவள் வேலை செய்யும் இடத்தில் சங்கே கிடையாது. பெல்தான்.

அவளுக்குச் சும்மா இருக்கும் கையைக் கண்டால் ஆகாது.

இது நிற்கும்.

2

அவளுக்குச் சும்மா இருக்கும் கையைக் கண்டால் ஆகாது. சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் லைன் சூப்பர்வைசர். ஒருத்தி காலர் வைப்பாள், அடுத்தவள் கை வைப்பாள், அதற்கடுத்தவள் பட்டன் பட்டி. யாருடைய கை துணிக்கட்டுக்காக எட்டிப் போகிறது, யார் கத்தரிக்கோலைத் தேடுகிறாள் என்பதைத் தூரத்தில் நின்றே பிடித்துவிடுவாள். துணிக்கட்டை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்துவாள். கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாள். சாயங்காலத்துக்குள் அந்த மெஷினில் தேங்கிக் கிடந்த குவியல் கரைந்துவிடும். அங்கே தைக்கும் பெண்கள் அவளுக்கு வைத்த பேர் கழுகக்கா. அது அவளுக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

புருஷன் சரக்குக் குடோனில் சிமெண்டு மூட்டை இறக்குகிறவன். மீசை முளைக்கும் முன்பே போன வேலை. மதியச் சோறு முடிந்ததும் மற்றவர்கள் கண்ணை மூடுவார்கள். இவன் சாக்கின்மேல் உட்கார்ந்து ஏதாவது எழுதுவான். அதனால் அங்கே அவன் பேர் பேனா. தோள்பட்டை பிசகி வீட்டில் உட்கார்ந்தபோது, இதுதான் சமயம் என்று எழுத ஆரம்பித்தான். தோள் சரியாகிவிட்டது. கதை ஒன்றும் முடியவில்லை. தொடக்கங்கள் மட்டும் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருந்தன.

திங்கட்கிழமை வரைதான் இடம் பிடித்து வைப்பேன், அப்புறம் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று குடோன் மேஸ்திரி சொல்லி அனுப்பினார்.

“ஒண்ணே ஒண்ணு முடிச்சுக் காட்டுய்யா,” என்றாள் அவள். “முடிச்சிட்டா மேஸ்திரியண்ணன்கிட்ட வேண்டாம்னு நானே சொல்லிடறேன். என் சம்பளத்துல ஓட்டிக்கலாம். முடிக்கலன்னா கிளம்பு. பெட்டியில ஆரம்பத்தையே அடுக்கி வச்சு என்ன பண்ண?”

“கதை என்ன சட்டையா, இந்தத் தேதிக்கு வேணும்னு கேட்க?”

“சட்டையத் தேதிக்குக் கேட்டா நான் படற பாடு உனக்கென்ன தெரியும். உட்காரு.”

3

(இங்கே அவள் தம்பியை ஒரு நிமிடம் உள்ளே விடவேண்டும். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கதைக்கு அவன் அவசியமில்லை. ஆனால் விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வான்.

“மாமா, எழுதறவங்க தினப்படி என்ன பண்றாங்கன்னு போன்ல போட்டிருக்கான். ஒருத்தர் குளிச்சிட்டுத்தான் தொடுவாராம். ஒருத்தர் குளிக்கவே மாட்டாராம். நீங்க எவ்வளவு எழுதறீங்க, எப்ப எந்திரிக்கறீங்கன்னு கவனிச்சுச் சொல்ல ஆப் இருக்கு, போட்டுத் தரவா?”

“ஆப் எதுக்குடா? எனக்குக் கண்ணு இருக்கு,” என்றாள் அக்கா.

அவன் போகலாம்.)

4

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். துவைத்த துணியை மடிப்பதுபோல வாசற்கதவோரம் உட்கார்ந்தாள். பார்த்தாள்.

புருஷன் ஒரு வரி எழுதினான். எழுந்தான். சமையலறைக்குப் போனான். அகலமான வாசல்நிலைதான், ஆனாலும் தோளை ஒருக்களித்துத்தான் நுழைந்தான். மூட்டை இல்லாதபோதும் இவன் அப்படித்தான் நுழைவான். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள். செம்பிலிருந்து அரை டம்ளர் தண்ணீர் குடித்தான். தாகம் இல்லை, அது அவளுக்குத் தெரிந்தது. கையைத் தொங்கவிட்டபடி மெதுவாகத் திரும்பி வந்தான். உட்கார்ந்து, எழுதியதில் பாதியை அடித்தான். இன்னொரு வரி எழுதினான். எழுந்தான். பென்சில் சீவ ஜன்னலுக்குப் போனான். வந்தான். எழுந்தான்.

[வரும்போது அவன் உதடு அசைந்ததை அவள் கவனிக்கவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, “கவனிச்சேன். கடவாப் பல்லுல எதோ மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு,” என்றாள். திருத்திவிட்டேன்.]

பாதிப் பகல் நடையிலேயே போகிறதே. இப்படி நடந்தால் கதை எப்படி முடியும்? அவள் லைனில் ஒருத்தி இப்படி எழுந்து எழுந்து போனால், பட்டன் இல்லாத சட்டைதான் வெளியே போகும்.

வெள்ளிக்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், மேஜையைச் சரிசெய்தாள். செம்பு இடப்பக்கம், டம்ளரைக் கவிழ்த்து. வெள்ளைத் தாள் வலப்பக்கம். எழுதியதைப் போட ஒரு தட்டு. சீவிய பென்சில்கள் ஒரு டப்பாவில். ஆணி அடித்து, கயிறு கட்டி, பேனாவை மூக்குக்கு நேரே தொங்கவிட்டாள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டி இழுத்துப் போட்டாள்.

“இப்ப எந்திரிக்கவே வேண்டாம்,” என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தான் புருஷன். இத்தனை வயதுக்கு யாரும் அவனுக்கென்று ஓர் இடத்தை இப்படிச் செய்து கொடுத்ததில்லை. குடோனில் அவனுக்கு ஒரு சாக்கும் சொந்தமில்லை. உட்கார்ந்தான்.

அன்று முழுக்க எழவே இல்லை. செம்பு காலியானது. தட்டும் காலியாகவே இருந்தது. பேனா மட்டும் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“எப்படிப் போகுது?” என்றாள் சாயங்காலம்.

“ஓடுது.”

“ஓடுதா, நிக்குதா?”

“ஓடுதும்மா.”

அவள் தட்டைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். கழுகக்கா ஒன்றும் சொல்லாமல் போனால் கம்பெனியில் எல்லோருக்கும் பயம் வரும். புருஷனுக்கும் வந்தது.

5

இந்தப் பகுதிக்கு நான் சாட்சி இல்லை. நானே இட்டுக்கட்டுகிறேன்.

சனிக்கிழமை கம்பெனி அரைநாள். அவள் நேரே வீட்டுக்கு வரவில்லை. குடோனுக்குப் போனாள். மேஸ்திரி நிழலில் நின்றிருந்தார்.

“என்ன தங்கச்சி, பேனா வர்றானா?”

“அதைச் சொல்லத்தான் வந்தேன்ணே,” என்றாள். சொல்லவில்லை. கண் வேறெங்கோ போய்விட்டது.

ஆட்கள் லாரியிலிருந்து மூட்டையோடு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அடுக்கி வைத்திருந்த அட்டியில் போட்டார்கள். திரும்பும்போது எல்லோரும் கையைத் தொங்கவிட்டு, மெதுவாக, ஏதோ கோயிலைச் சுற்றுவதுபோல வந்தார்கள். ஒருவன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தான். இன்னொருவன் வானத்தைப் பார்த்தான். மேஸ்திரி யாரையும் அதட்டவில்லை.

“ஏண்ணே, வெறுங்கையோட வர்றப்ப எதுக்கு இப்படி ஆடி அசைஞ்சு வர்றாங்க? விரட்டமாட்டீங்களா?”

“நானா? புதுசா வந்தப்ப விரட்டினேன். மத்தியானத்துக்குள்ள ஆளாளுக்குப் படுத்துட்டானுங்க,” என்றார் மேஸ்திரி. “அந்த நடையிலதான் தங்கச்சி மூச்சு வாங்கறது. அடுத்த மூட்டைக்குத் தோளைத் தயார் பண்றதும் அதுலதான். உங்க கம்பெனியில உட்கார்ந்த வேலை. இங்க வெறுங்கை நடையும் வேலைதான்.”

“உட்கார்ந்த வேலையா? ஒருநாள் வந்து உட்கார்ந்து பாருங்க, இடுப்பு என்ன சொல்லுதுன்னு,” என்றாள் அவள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

இட்டுக்கட்டியது இதோடு முடிந்தது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் வீட்டுக்கு வந்தாள். செம்பை எடுத்துக்கொண்டு போய் சமையலறையில் வைத்தாள். கயிற்றை அவிழ்த்தாள். நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்தினாள். துணி மடிக்கப் போய்விட்டாள்.

புருஷன் எழுந்து போய் அரை டம்ளர் குடித்தான். திரும்பி வரும் வழியில் ஒரு வரி வந்தது. அதுவரை மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கதையைப் பெட்டியில் போட்டுவிட்டு, செம்பைப் பற்றி எழுதத் தொடங்கினான்.

6

ஞாயிற்றுக்கிழமை இதுவரை எழுதியதை அவள் படித்தாள். இனிமேல் ‘அவன்’ என்று எழுதிப் பயனில்லை. பிடிபட்டுவிட்டேன்.

“எதுக்கு அவன் அவன்னு மூணாம் மனுஷன் மாதிரி எழுதற? கடன்காரனா?” என்றாள். பிறகு, “நான் எப்பய்யா குடோனுக்குப் போனேன்?”

“போகலையா?”

“எனக்கு வேற வேலை இல்ல பாரு.”

“பின்ன செம்பை ஏன் எடுத்தே?”

“மேஜைல வட்டமா கறை விழுந்துச்சு.”

கறை விழுந்தது உண்மை. இப்போதும் இருக்கிறது, அதன்மேல்தான் தாளை வைத்திருக்கிறேன். ஆனால் சனிக்கிழமை வாசலில் கிடந்த அவள் செருப்பில் சாம்பல் நிறத் தூசி இருந்தது. சிமெண்டுத் தூசி. தையல் கம்பெனியில் பஞ்சு ஒட்டும், நூல் ஒட்டும். சிமெண்டு ஒட்டாது. நான் கேட்கவில்லை. அவள் என்னைக் கவனிக்கலாம், நான் அவளைக் கவனித்தேன் என்று தெரிந்தால் வீட்டில் இருக்க முடியாது. இதை அவள் அச்சில் படித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

“முடிவு எங்க?” என்றாள்.

“முடிவை வாசகர்கிட்ட விட்டுடலாம்னு—”

“ஒத்துக்கமாட்டேன். ஒரு கைய மட்டும் தெச்சு, இன்னொண்ண நீங்களே தெச்சுக்கங்கன்னு சட்டைய அனுப்ப முடியுமா? மூஞ்சில விட்டெறிவான்.”

7

ஆகவே முடிவுகள்.

கதை முடிந்தது. அவள் மேஸ்திரிக்கு போன் செய்தாள். கண்களில் நீர் தளும்ப—

[“நான் எப்பய்யா அழுதேன்?” சரி, அடித்துவிட்டேன்.]

திங்கட்கிழமை காலை அவன் குடோனுக்குப் போனான். “வாய்யா பேனா,” என்றார் மேஸ்திரி. முதல் மூட்டை தோளில் விழுந்தது. பழகிய கனம். அட்டியில் போட்டுவிட்டுத் திரும்பியபோது—

இதை அடிக்கவில்லை. இது கெட்ட முடிவும் இல்லை. மூட்டை தூக்குவதைக் கேவலமாக எழுத எனக்கு வராது. சோறு போட்ட வேலை. சாக்கின்மேல் எழுதக் கற்றதும் அங்கேதான். ஆனால் மதியச் சோற்றுக்குப் பிறகான அந்தக் கொஞ்ச நேரத்தில் எழுதியவனுக்கு ஒரு முழுப் பகல் கிடைத்தால் என்ன வரும் என்று பார்க்கவேண்டும்போல் இருக்கிறது. என் ஆசை அவ்வளவுதான். அவளுக்கும் அந்த ஆசை இருக்கிறது. இல்லாவிட்டால் செருப்பில் தூசி எப்படி வரும்?

8

இன்றுதான் திங்கட்கிழமை. கம்பெனி வேன் கீழே ஹாரன் அடிக்கிறது. மேஜை ஓரத்தில் இரண்டு சாப்பாட்டு டப்பா இருக்கிறது. ஒன்று அவளுக்கு. இன்னொன்று எனக்குத்தான், ஆனால் குடோனில் திறக்கவா, இங்கேயே திறக்கவா என்று அவள் சொல்லவில்லை. கையில் போன் வைத்திருக்கிறாள். மேஸ்திரியின் நம்பர் எடுத்தாயிற்று.

“முடிச்சாச்சா, இல்லையா? ஒத்த வார்த்தைல சொல்லு.”

எனக்குத் தாகம் இல்லை. ஆனாலும் எழுந்திருக்கிறேன். சமையலறை வரை போய் அரை டம்ளர் குடித்துவிட்டு வருகிறேன். வேகமாக வரமாட்டேன், ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் நிற்கும் அவளையும் தெரியும். நான் வருவதற்குள் அவளுக்கு நீங்கள் பதில் சொல்லிவையுங்கள்: இந்தச் சட்டைக்கு இரண்டு கையும் இருக்கிறதா?

எனக்காகப் பொய் மட்டும் சொல்லவேண்டாம். பிடித்துவிடுவாள்.