மாணவர் பதிப்பில் ஒரு வீடு

வீட்டு வரைபடம் கீறிக் கொடுக்கும் எங்கள் அலுவலகத்தின் முதலாளி சின்னராசா அண்ணைக்குப் பேய் பிசாசுக்குப் பயமில்லை, மாணவர் பதிப்புக்குத்தான் பயம். படிக்கிற பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிற வரைபட மென்பொருள் அது. பழகுவதற்குத் தருகிறார்கள், அதை வைத்துத் தொழில் செய்யக் கூடாது. செய்தால் காட்டிக்கொடுத்துவிடும். அச்சடிக்கும்போது தாளின் நான்கு ஓரத்திலும் ‘மாணவர் பதிப்பில் தயாரித்தது’ என்று ஆங்கிலத்தில் விழும். அதிலிருந்து ஒரேயொரு கதவை எடுத்து நல்ல வரைபடத்தில் ஒட்டினாலும் அதற்கும் தொற்றிவிடும். ஒருமுறை அப்படி ஒட்டிய வரைபடம் கட்டட அனுமதிக்காகப் பிரதேச சபைக்குப் போய்த் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அண்ணை அந்தக் கோப்புகளை அம்மாள் நோய் வந்த வீட்டைப் போல ஒதுக்கி வைத்திருக்கிறார். யாராவது கொண்டு வந்தால் திறந்து பார்ப்பதற்கென்று மூலையில் ஒரு பழைய லப்டொப் கிடக்கிறது.

நிறஞ்சனா கொண்டு வந்த பென்ட்ரைவை அதில்தான் போட்டேன். முல்லைத்தீவிலிருந்து குழந்தையின் கிளினிக்குக்காக வவுனியாவுக்கு வந்தவள், அப்படியே எங்கள் அலுவலகத்துக்கும் ஏறியிருந்தாள்.

“எங்கட அவர் படிக்கேக்க கீறின வீடு அக்கா. இதை அப்பிடியே அச்சடிச்சுத் தந்தீங்களெண்டா சபைக்குக் குடுத்திடலாம்.”

திரையில் வீடு விரிந்தது. விறாந்தையைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்னோடு படித்த கொலின்ஸின் வீடு. என்னுடைய வீடும்தான்.

தொழில்நுட்பக் கல்லூரியில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு லப்டொப்தான் இருந்தது, அவனுடையது. பாடத்துக்குக் கீற வேண்டியதைக் கீறி முடித்துவிட்டு எங்களுக்கென்று இந்த வீட்டைக் கீறினோம். வெளிச்சுவர்கள் அவன், உட்சுவர்கள் நான். மீன்பிடி வலையோடு உள்ளே வரவேண்டும் என்று வாசலை மாட்டுக்கொட்டில் வாசலளவுக்குக் கீறி வைத்தான். நான் குசினி யன்னலைக் கடலைப் பார்க்க வைத்தேன், அவன் கரைக்கு வருவதைப் பார்க்கலாமென்று. சாமியறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாடங்கள் வைத்தோம். ஒன்று அவனுடைய மாதா சுரூபத்துக்கு, மற்றது என்னுடைய பிள்ளையாருக்கு.

வேதக்காரப் பெடியன் என்று எங்கள் வீட்டிலும், சைவக்காரப் பெட்டை என்று அவன் வீட்டிலும் ஒரே சுருதியில் சத்தம் எழும்பியது. எல்லாவற்றிலும் முரண்பட்ட இரண்டு குடும்பங்கள் அந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. அவன் தகப்பனின் மீன்பிடிப் போட்டுக்குத் திரும்பினான். நான் இந்த அலுவலகக் கதிரைக்கு வந்தேன்.

“இதை அடிக்கேலாது. சபை எடுக்காது,” என்று ஓர எழுத்து விழும் விஷயத்தைச் சொன்னேன். “முழுக்கப் புதுசாக் கீறோணும்.”

“நீங்களே கீறுவியளோ அக்கா? நான் வேற எத்தினை பிளான் காட்டினனான், ஒண்டுக்கும் மனுசன் சம்மதிக்கேல்லை. இதில ஒரு சுவரைக் கூடத் தள்ள விடுறார் இல்லை.”

எனக்குள் எழுந்த சந்தோஷத்தை அவளுக்கு முன்னால் எங்கே கொண்டுபோய் ஒளிப்பதென்று தெரியவில்லை.

“ஒண்டுதான் விளங்கேல்லை,” என்று திரையைத் தொட்டாள். “மாதாவுக்கு ஒரு மாடம் சரி. பக்கத்தில இது என்னத்துக்கு? கேட்டா, சும்மா இருக்கட்டும் எண்டுறார். நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ அக்கா. தேவையில்லை எண்டா மூடிவிடுங்கோ.”

வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். ஆனால் என் சுவர்களில் இன்னொருவர் கை வைப்பதை என்னால் பொறுக்க முடியாது. உரிமம் வாங்கிய கணினியில் வெறுந்தாளைத் திறந்து, பழையதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கோடாகப் போட்டேன். அவன் கோடுகளையும் நானே போட்டேன். வாசலைக் கூடக் குறைக்கவில்லை. நிறஞ்சனா நிற்கப்போகிற குசினிக்கு யன்னல் வைத்தபோது அழுதேன். கண்ணில் தூசி என்று அண்ணையிடம் சொன்னேன்.

கடைசியில் அந்த மாடம் மிஞ்சியது. அதை விட்டுவிடத்தான் ஆசை. செபமாலை சொல்ல அவன் முழந்தாளில் நிற்கும்போதெல்லாம் அது அவன் கண்ணில் பட வேண்டும். ஒவ்வொரு பின்னேரமும் பட வேண்டும். அவ்வளவு ஆசையாக இருந்தது. பிறகு நிறஞ்சனாவை நினைத்தேன். ஏனென்று தெரியாமலே அதைத் தினமும் தூசி தட்டப் போகிறவள் அவள். மாடத்தை மூடிச் சுவராக்கினேன். ‘கீறியவர்’ என்ற கட்டத்தில் வழக்கம்போல என் பெயரைப் போட்டு அச்சடித்தேன். ஓரங்கள் நான்கும் வெள்ளையாக இருந்தன.

அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது நிறஞ்சனா வரைபடத்தைப் போனில் படமெடுத்துக் கொலின்ஸுக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது. குழந்தையோடு வெளியே போய்க் கதைத்துவிட்டு வந்தாள்.

“மாடத்தை ஏன் மூடினது எண்டு கோவிச்சவர். பிறகு கீழ பேரைப் பாத்திட்டு, கௌசலாவோ கீறினது எண்டு கேட்டார். ஓம் எண்டன். பிறகு, அவா மூடினா சரி, அப்பிடியே கட்டுவம் எண்டார்.” குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். “உங்களுக்கு அவரைத் தெரியுமோ அக்கா?”

“ஒண்டாப் படிச்சனாங்கள்.”

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். நான் நீட்டிய பென்ட்ரைவை மட்டும் வாங்கவில்லை.

“அது இனித் தேவையில்லையாம். உங்களிட்டையே குடுத்திட்டு வரச் சொன்னவர்.”

மாணவர் கோப்பு அலுவலகத்தில் தங்கக் கூடாது என்பது அண்ணையின் சட்டம். அதனால் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். இதைச் சபை ஏற்காது, மேசன் தொடமாட்டான், ஒரு தொழிலுக்கும் உதவாது. முல்லைத்தீவில் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்வி. நான் கட்ட ஆசைப்பட்ட வீடு அதுவல்ல, இது. இதில் இன்னும் இரண்டு மாடங்கள் இருக்கின்றன.