மூச்சடக்கிய கருவேலங்காடு

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் பின்னால் இருந்த சீமைக் கருவேலங்காடு மூச்சை அடக்கிக்கொண்டது. மாவட்டத்து மரங்கள் எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கின்றன, எவ்வளவு நீராவியை விடுகின்றன என்று சூலக்கரையில் வாடகை அறையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களில் ஆராய்பவள் பிரீத்திகா. புதன் காலை படம் கைக்கு வந்தபோது பார்த்தாள். மூச்சு விடும் இலை குளிர்ந்து படத்தில் நீலமாக விழும், விடாத இலை சூடேறிச் சிவக்கும். சுற்றுவட்டாரமெல்லாம் நீலம், கம்பெனியை ஒட்டிய காடு மட்டும் அடுப்புத் தணலாய்க் கிடந்தது. ஆனியிலும் இப்படித்தான் சிவந்தது. கருவிக் கோளாறு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள், மறுநாள் அங்கே ஒரு ஷெட் வெடித்தது.

அந்தக் கம்பெனியில்தான் அவளுடைய அம்மா முருகம்மாள் வெடிமருந்து கலக்குகிறாள். பிரீத்திகா போன் அடித்தாள். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அம்மாவின் போன் வாசலில் வாட்ச்மேன் பெட்டிக்குள் கிடந்து கத்தியது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். திருத்தங்கல் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அங்கே நின்று அழுதேவிட்டாள்.

ஆள்விட்டு அழைத்ததும் வாசலுக்கு வந்த முருகம்மாளுக்குக் கோபம். "ஏட்டி, சீசன் நேரத்துல லோடு நிக்கிது. அப்படி என்ன தலை போற அவசரம்?"

"அம்மா, நேத்துக் கலந்த மருந்து மிச்சம் கெடக்கா?"

முருகம்மாளின் முகம் வெளிறியது. கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், ராத்தங்கினால் ஈரம் ஏறிப் புழுங்கித் தானே பற்றும் என்பது அங்கே பிறந்த யாருக்கும் தெரியும். "போர்மேன் கண்ணுச்சாமி அண்ணாச்சிதான் காலையில பாத்துக்கிடலாம், மூடி வைங்கன்னாக" என்றவள், மகள் கையைப் பிடிப்பதற்குள் உள்ளே ஓடினாள். அந்த ஷெட்டில் கூட வேலை பார்க்கும் குருவம்மாளும் அழகுமீனாவும் இருந்தார்கள்.

நல்ல காற்று அடித்தது, காட்டில் ஓர் இலை அசையவில்லை. பிரீத்திகா கம்பி வேலியைப் பிடித்தபடி கத்திக்கொண்டே இருந்தாள். மூன்று பெண்களும் பின்வாசல் வழியாகக் கருவேலமரங்களுக்குள் போய் விழவும் ஷெட் வெடித்தது. நெருப்பு அடுத்த ஷெட்டுக்குத் தாவப் போன நேரத்தில் காடு மூச்சை விட்டது. அடக்கி வைத்திருந்த தண்ணீரெல்லாம் அந்த வளாகத்தின் மேல் மட்டும் மழையாகக் கொட்டியது. ரோட்டில் போன லாரிக்காரர் கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை.

கம்பெனி மூடிக் கிடந்து தையில் திறந்தது. இப்போது முருகம்மாள் போனைப் பெட்டியில் போடுமுன் மகளுக்கு ஒருமுறை அடிக்கிறாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் காத்து நிற்கிறார்கள், கண்ணுச்சாமியும் நிற்கிறார்.

"மூச்சு விடுதா தாயி?"

"விடுதும்மா."

போன் பெட்டிக்குள் விழுகிறது. உள்ளே போகிறார்கள்.